ஐந்து லிட்டர் கேனுடன் திண்டிவனம்

மார்கழி பதினெட்டு, வெள்ளிக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி டவுன் பஸ்ஸுக்காகக் கண்டாச்சிபுரம் நிறுத்தத்தில் நின்றேன். கையில் மஞ்சள் பை. காலடியில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன். எதிரில் இருக்கும் மலை தெரியவில்லை, அவ்வளவு பனி.

மாதம் ஒரு முறை திண்டிவனம் போய் வருகிறேன். என் மகள் செல்வியைக் கொடுத்த ஊர் அது. மாப்பிள்ளை சேகர் அங்கே மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். போன சித்திரையில் அவருக்கு நெஞ்சடைப்பு வந்தது. இரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சாப்பாட்டைப் பற்றி டாக்டர் பல விஷயம் சொன்னாராம். அதில் ஒன்று, பாமாயில் வேண்டாம் என்பது. அதைக் கேட்ட அன்றைக்கே, "இனிமேல் உங்கள் வீட்டுக்கு எண்ணெய் என் கொல்லையிலிருந்து வரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி எட்டு மாதமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எங்கள் நிலத்தில் விளைந்த மல்லாட்டை. வேர்க்கடலை என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். அதை ஆட்டி எடுத்த எண்ணெய்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண் கொடுத்த வீட்டுக்குப் போகும் பாத்திரம் குறையாகப் போகக் கூடாது. பால் சொம்பானாலும் சரி, அரிசிப் படியானாலும் சரி, தளும்பத் தளும்ப இருக்க வேண்டும். கேனை நிரப்பி வைப்பது என் மருமகள் மல்லிகாவின் வேலை. புறப்படும் முன் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பது என் வேலை. விரல் நுனியில் எண்ணெய் பட்டால்தான் கேனைத் தூக்குவேன். அன்றைக்கும் பட்டது.

பஸ் வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. விழுப்புரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கிட்ட இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பெண் மார்க்கெட்டுக்குக் கீரைக் கட்டு கொண்டு போகிறவள். காணை ஊர் தாண்டி வெளிச்சம் வந்ததும் என் கேனைப் பார்த்தாள்.

"என்னா ஆயா, நெய்யா?"

"நெய் இல்லம்மா. மல்லாட்டை எண்ணெய். எங்க கொல்லில வெளஞ்சது."

"அடியில வெள்ளையா ஒறஞ்சி கெடக்குதே."

"சுத்தமானது ஒறையாம என்னா பண்ணும்? நெய் ஒறையுது, தேங்கா எண்ணெய் ஒறையுது. கலப்படம் பண்ணதுதான் தண்ணியாட்டம் நிக்கும்."

"எங்கூட்லயும் ஒறையுது ஆயா. ஆனா அது ரேஷன் பாமாயிலு."

"அதுல என்னாத்த கலக்குறானுங்களோ, யாரு கண்டா" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஆறே முக்காலுக்கு விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடை ஓரத்தில் ஓர் ஆள் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பதினைந்து ரூபாய். சட்டியில் இருந்த எண்ணெய் காபித்தூள் கலரில் இருந்தது. நேற்றையதா, அதற்கும் முந்தியதா என்று கண்டுபிடிக்க முடியாது. காலிப் பாக்கெட்டுகளைக் காலடியில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்.

"இன்னா எண்ணெய்ப்பா?" என்று கேட்டேன்.

"பாமாயிலுதான். மல்லாட்டை எண்ணெயில போட்டா ரெண்டு போண்டா முப்பது ரூபா ஆவும். நீ வாங்குவியா?"

"நீ ஓசியில குடுத்தாலும் வாங்க மாட்டேன்."

"அப்ப ஓரமா நில்லு ஆயா. வாங்குறவங்களுக்கு வழி உடு."

ஓரமாக நின்று டீயைக் குடித்தேன். அரை மணி நேரத்தில் அந்தத் தட்டு இரண்டு முறை காலியானதைப் பார்த்தேன். வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், போலீஸ்காரர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண். யாரும் என்ன எண்ணெய் என்று கேட்கவில்லை. சூடாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

திண்டிவனம் பஸ் ஏழே காலுக்கு. சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் கேனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"லக்கேஜ் போடணும் ஆயா."

"மடியில வச்சிக்கினு வர்றேன், அதுக்கு எதுக்கு லக்கேஜி? இது எண்ணெய் இல்லப்பா, மருந்து. எங்க மாப்ளைக்கு நெஞ்சுல கோளாறு."

"மருந்துன்னா ஆம்புலன்சுல இல்ல போவணும்? என் வண்டில ஏன் ஏறுன?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஆனால் லக்கேஜ் போடவில்லை.

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசனை ஜன்னல் வழியாக வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பனியில் நின்றன. கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள். அதற்குள் வெயில் வந்துவிட்டது. என் மடியில் இருந்த கேனில் வெள்ளை கரைந்து, எண்ணெய் தெளிந்து மஞ்சளாக நின்றது. எட்டரைக்குத் திண்டிவனம் மேம்பாலத்தடியில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

மகள் வீட்டில் எனக்கு மரியாதை குறைவில்லை. மாப்பிள்ளை கடைக்குப் போகாமல் வாசலில் நின்று கேனை வாங்கினார். மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு. மேலே விரற்கடை அளவுக்கு எண்ணெய் மிதந்தது. நான் வந்தால் செல்வி அப்படித்தான் வைப்பாள். எண்ணெய் மிதக்காத குழம்பை நான் குழம்பென்று ஒத்துக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"போன வாரமே கேன் தீந்துபோச்சும்மா" என்றாள். "செக்குக் கடையில அரை லிட்டரு மல்லாட்டை எண்ணெய் வாங்கி ஓட்னேன். நூத்தி நாப்பது ரூபா. உன் எண்ணெய் ருசி அதுக்கு இல்ல."

"அத்தை எண்ணெய்தான் எனக்கு மாத்திரை" என்றார் மாப்பிள்ளை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயந்திரம் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கும்போதுதான் செல்வி விஷயத்தைச் சொன்னாள். போன வாரம் அவருக்கு இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"கெட்ட கொழுப்பு எறங்கவே இல்லம்மா. மாத்திரை ஒழுங்காப் போட்றாரு. பீடிய உட்டாரு, ஆட்டுக்கறிய உட்டாரு. பரோட்டா கட பக்கம்கூடப் போவறதில்ல. இன்னொரு குழாயிலயும் கொஞ்சம் அடைப்பு இருக்குதாம். எறங்கலன்னா மறுபடி உள்ள டியூப் உட்டுப் பாக்கணும்ன்றாரு டாக்டரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீ பயப்படறத அவருகிட்ட சொன்னியா?"

"சொல்லல. டாக்டரு பேச்ச எடுத்தாலே காதுல வாங்காத மாதிரி இருக்காரு. ஆனா ராத்திரில எழுந்து உக்காந்துக்கிறாரு."

அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவின பாத்திரங்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்கழி பத்தொன்பது, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து காபி போட அடுப்படிக்குப் போனேன். திண்டிவனத்தில் ஏரிப் பக்கத்துக் குளிர். மொசைக் தரையில் கால் வைக்க முடியவில்லை. லைட்டைப் போட்டுப் பாலை அடுப்பில் வைத்தேன். மேடைக்குக் கீழே மூன்று பொருள் வரிசையாக இருந்தன.

ஒன்று, நான் கொண்டுவந்த கேன். மறுபடியும் வெள்ளையாக உறைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ரேஷன் பாமாயில் பாக்கெட் இரண்டு. கார்டுக்குக் கொடுக்கிறார்களே என்று வாங்கி, தெருக் கூட்ட வரும் பெண்ணுக்குக் கொடுப்பதற்காகச் செல்வி எடுத்து வைத்திருந்தாள். லிட்டர் இருபத்தைந்து ரூபாய். அதுவும் வெள்ளையாக உறைந்திருந்தது. மூன்றாவது, செக்குக் கடையில் வாங்கின பாட்டில், கால் பங்கு மிச்சம். அது உறையவில்லை. தெளிவாக நின்றது. பாட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் ஓடு அதன் வழியே தெரிந்தது.

ஒரே தரை, ஒரே குளிர்.

கீழே உட்கார்ந்தேன். கேனை ஆட்டிப் பார்த்தேன். பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தேன். இரண்டிலும் ரவை ரவையாக ஒரே மாதிரி வெள்ளை. பாட்டிலைக் கவிழ்த்தேன், தண்ணீர் போல ஓடியது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மல்லாட்டை வாசனை அடித்தது. என் கேனையும் மோந்து பார்த்தேன். அதிலும் அடித்தது, பாதி. கீரைக்காரி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தேன். காபி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு மூவரும் கிளினிக் போனோம். டாக்டர் ஃபீஸ் ஐந்நூறு. டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை? போடுகிறேன். நடை? ஏரிக்கரை வரை போகிறேன். பீடி? இல்லை. பேக்கரி, மிக்சர், பிஸ்கட்? இல்லை. எண்ணெய்?

"அதுல பிரச்சினையே இல்ல சார்" என்றார் மாப்பிள்ளை, என்னைக் காட்டி. "எங்க அத்தை. சொந்த நெலம், சொந்த மல்லாட்டை. எட்டு மாசமா வேற எண்ணெய் நாங்க தொட்றதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்ப எண்ணெய் காரணம் இல்ல. மாத்திரையத்தான் மாத்தணும், இல்லன்னா உள்ள டியூப் விட்டுப் பாத்துடலாம்" என்று எழுத ஆரம்பித்தார். செல்வி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள்.

நான் சொன்னேன். "அதுல பாமாயிலு கலந்திருக்குது டாக்டரு."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். செல்வி, "என்னாம்மா சொல்ற?" என்றாள்.

"இன்னிக்கிக் காலையிலதான் பாத்தேன். என் கேனும் ரேஷன் பாக்கெட்டும் ஒண்ணுபோல ஒறஞ்சிருக்குது. கடை எண்ணெய் ஒறையல. எவ்ளோ கலந்திருக்குதுன்னு தெரியாது. கலந்திருக்குது, அது நெசம்."

டாக்டர் பேனாவை வைத்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"பாமாயில் விஷம் இல்லம்மா. ஊரே சாப்பிடுது. ஆனா அதுல கிட்டத்தட்டப் பாதி கெட்டிக் கொழுப்பு. கெட்ட கொழுப்ப ஏத்தறது அதுதான். மல்லாட்டை எண்ணெயில அது ரொம்பக் கம்மி. நல்லா இருக்கறவங்க அளவா சாப்பிட்டா பெருசா தெரியாது. இவருக்கு அடைப்பு இருக்கு, அதனால வேணாம்னேன். இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். சரி, மாசத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகுது?"

"அஞ்சு லிட்டரு" என்றாள் செல்வி. "சில மாசம் பத்தல."

"வீட்ல எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேரு, பொண்ணு ஒருத்தி."

டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர் போதும். மூணு பேருக்கு ஒன்றரை. நீங்க அஞ்சு ஊத்தறீங்க. அது சுத்தமான மல்லாட்டை எண்ணெயாவே இருந்தாலும் அஞ்சு அஞ்சுதானே?"

கலப்படம் என்றால் யாரையாவது கேட்கலாம். குழம்பில் எண்ணெய் மிதக்க வேண்டும் என்று சொன்னது யாரும் இல்லை, நான்தான்.

மாத்திரையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். மூன்று மாதம் ஒன்றரை லிட்டரில் சமைத்துவிட்டு இரத்தம் பார்க்கலாம், அதுவரை டியூப் விட வேண்டாம் என்றார். செல்வி தலைப்பை விட்டாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். மாப்பிள்ளை வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "எட்டு மாசமா ரேஷன் கடைக்கிப் போவாமயே ரேஷன் வாங்கியிருக்கோம் செல்வி. அதுவும் வீட்டுக்கே டெலிவரி" என்றார்.

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி வேலதான். வேணும்னே பண்ணியிருக்காங்க. நல்லத எடுத்துக்கினு நமக்கு இத ஊத்தி அனுப்பியிருக்காங்க."

"போன் போடு" என்றேன்.

போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மல்லிகா, கேன்ல எத்தினி பாக்கெட் ரேஷன் எண்ணெய் ஊத்துன?"

பின்னால் கோழி கத்தியது.

"ரெண்டு, அத்தே."

"ஏன் ஊத்துன?"

"மல்லாட்டைய கமிட்டி ஏலத்துல போட்டு வித்துட்டு, வெதைக்கி எடுத்தது போவ, மிச்சத்த ஆட்டுனா மாசத்துக்கு மூணு லிட்டருதான் உங்க கேனுக்கு வருது. நீங்க வெரல உட்டுப் பாப்பீங்க. எண்ணெய் எட்டலன்னா தூக்கியே போக மாட்டீங்க. மொத மாசம் கொறையா இருந்ததுக்கு ஒரு நாள் பூரா நீங்க சாப்படல, ஞாபவம் இருக்குதா? உங்க புள்ளதான் சொன்னாரு, ரெண்டு பாக்கெட் ஊத்தி ரொப்பு, அம்மா சந்தோசமா போவட்டும்னு."

"டாக்டரு பாமாயிலு வேணாம்னு சொன்னது உனக்குத் தெரியாதா?"

"நமக்கும் அதான அத்தே ஊத்துறேன்? ரொம்ப வருசமா நம்ப வூட்டு எண்ணெயும் கலப்புதான். நீங்க நல்லாதான இருக்கீங்க? கலந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். மாப்ளைக்கு எதுனா ஆயிடுச்சா அத்தே?" அவள் குரல் மாறிவிட்டது.

"ஒண்ணும் ஆவல. அழுவாத. வந்து பேசறேன்."

போனைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் அண்ணியைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லவில்லை. பாமாயில் என் நாக்கில் பட்டதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். விழுப்புரத்துப் போண்டாக்காரரிடம்கூட முந்தின நாள் காலையில் சொல்லாத குறைதான். அந்த நேரத்தில் என் வயிற்றில் இருந்தது அதே எண்ணெய்.

பதினொன்றே முக்காலுக்கு விழுப்புரம் பஸ் ஏறினேன். கேனைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். செல்வி தடுத்தாள். மகள் வீட்டுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் தெருவில் என்ன நினைப்பார்கள் என்றாள். "எடுத்துக்கினு போறேன்னு நெனப்பாங்க" என்றேன். மாப்பிள்ளைதான் கேனைத் தூக்கிக்கொண்டு மேம்பாலம் வரைக்கும் வந்து பஸ்ஸில் வைத்தார்.

"போய்ட்டு வாங்க அத்தை. அடுத்த மாசம் வருவீங்க இல்ல?"

"வராம? ஆனா கேன் கனமா இருக்காது மாப்ள."

"இருக்க வேணாம்" என்றார்.

திண்டிவனத்துக்கும் கண்டாச்சிபுரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே ஏரி, இங்கே மலை. அங்கே தார் ரோடு வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது, எங்களுக்குத் தெருமுனையோடு நின்றுவிடுகிறது. அங்கே எண்ணெயைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், என்ன எண்ணெய் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் விளைகிறது, அதனால் யாரும் கேட்பதில்லை. நானே கேட்டதில்லை.

வீட்டுக்குப் போனதும் மல்லிகா எதிரில் வந்து நின்றாள். திட்டுவேன் என்று எதிர்பார்த்தாள். "நாளையிலருந்து ரேஷன் எண்ணெய் வேற சொம்பு, நம்ப எண்ணெய் வேற சொம்பு. கலக்காத. நமக்கும் ஆளுக்கு அரை லிட்டர்தான்" என்றேன்.

"அவ்ளோல கொழம்பு எப்டி அத்தே வக்கிறது?"

"எப்டி வச்சாலும் சாப்புடறேன். நீ வையி."

வைத்தாள். கறுப்பாகத் தண்ணீர் போல இருந்தது. முதல் வாய் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது.

தை பிறந்து மறுபடியும் திண்டிவனம் புறப்பட்டேன். அதே ஐந்து லிட்டர் கேன். உள்ளே ஒன்றரை லிட்டர், நானே செக்கடியில் உட்கார்ந்து ஆட்டி வாங்கியது. சின்ன பாட்டிலில் ஊற்றித் தருகிறேன் என்று மல்லிகா சொன்னாள். வேண்டாம், இதிலேயே ஊற்று என்றேன். மூடியைத் திறந்து பழக்கத்தில் விரலை விட்டேன். ஒன்றும் படவில்லை. மூடியைத் திருகிக் கேனைத் தூக்கினேன்.

விழுப்புரத்தில் அதே கண்டக்டர். விக்கிரவாண்டி வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கினபோது கேனுக்குள் எண்ணெய் அலசிக்கொண்டு போய் மோதிய சத்தம் முன் சீட்டு வரைக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னா ஆயா, மருந்து தீந்துபோச்சா? கேனு காலியா ஆடுதே."

"மருந்தே அவ்ளோதாம்ப்பா" என்றேன்.